கொடை முடியும் வரை விற்பதில்லை

ஷேர் புரோக்கர் ஆபீஸில் டீலர் என்றால் ஏதோ பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். போனில் ஒருத்தர் 'வாங்கு' என்பார், வாங்கிப் போடுவேன், 'வித்துரு' என்பார், விற்றுப் போடுவேன், நஷ்டம் வந்தால் வசவையும் நானே வாங்கிக்கொள்வேன். மாட்டுங்கா ஸ்டேஷனுக்குக் கிழக்கே ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் எங்கள் ஆபீஸ். முதலாளி ராமநாதன் சார் மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். நான் தாராவி லேபர் கேம்ப்பில் பிறந்தவன், அப்பாவுக்கு ஊர் திசையன்விளை பக்கம். வாடிக்கையாளர்களும் அப்படித்தான் இரண்டு வகை. ஒரு பக்கம் மாட்டுங்காவின் ரிட்டையர்டு ஆசாமிகள், இன்னொரு பக்கம் தாராவியில் கடையும் பட்டறையும் வைத்திருக்கும் எங்கள் ஜனங்கள். சாதாரணமாக இவர் அவரைப் பார்த்துச் சிரிக்கக்கூட மாட்டார். ஆனால் நாலு ரூபாய் ஷேர் என்று ஒன்று வந்துவிட்டால் இரண்டு கூட்டமும் ஒரே வரிசையில் நிற்கும். இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் அந்த வரிசையில் ஒரு காலத்தில் நின்றவர்கள்தான். வெட்கப்படாதீர்கள், யாரும் பார்க்கவில்லை.

எண்ணிக்கைதான் முக்கியம்

எங்கள் ஆபீஸுக்குத் தினமும் வரும் மாமா ஒருவர் உண்டு. பாங்க்கில் இருந்து ரிட்டையர் ஆனவர். இன்னொருத்தர் கணக்கில் ஒரு பைசா இடித்தால் தூங்கமாட்டார், அப்படிப்பட்ட மனுஷர். அவர் வாங்கும் ஷேர் எதுவும் ஐந்து ரூபாயைத் தாண்டாது. கம்பெனி என்ன செய்கிறது, லாபமா நஷ்டமா, ஒன்றும் கேட்கமாட்டார். விலை குறைவு என்றால் மலிவு என்று அவருக்கு அர்த்தம். வெண்டைக்காய்க்கு அது சரி, மாமா, ஷேருக்குச் சரியில்லை என்று சொல்லிப் பார்த்தாயிற்று.

ஒரு நாள் பொறுக்கமுடியாமல் கேட்டே விட்டேன். "அதே பணத்துக்கு ஒரு நல்ல கம்பெனி வாங்கிப் போடுங்களேன், பத்து வருஷம் கழித்துப் பேரனுக்காவது ஆகும்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, நான்தான் விவரம் தெரியாதவன் என்பதுபோல என்னைப் பார்த்தார். "நீ சொல்ற கம்பெனியில மூணு ஷேர்தான்டா வரும். மூணை வச்சுண்டு ஆத்துல போய் நான் என்னன்னு சொல்றது?"

ஊர்ப் பேச்சு

பேச்சியம்மாள் அக்காவை அந்த மாமாவோடு சேர்க்கக்கூடாது. அக்கா உழைத்துச் சம்பாதித்தவள். தாராவியில் ஒரு காலாவில், அதாவது தொழில் செய்வதற்கென்று வாடகைக்கு விடும் கூடத்தில், இட்லி அவிக்கிறாள். விடிவதற்குள் நாலு கொப்பரை இறங்கிவிடும். சைக்கிளில் தலையில் என்று இட்லி எடுத்துப் போகிறவர்கள் அவளிடம்தான் வாங்கிப் போவார்கள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அந்தக் காலாதான் அவளுக்கு எல்லாம். போன வருஷம் காலாவின் சொந்தக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்: டெபாசிட்டைக் கூட்டியாயிற்று, ஆடி முடிவதற்குள் மீதியைக் கட்டு, இல்லாவிட்டால் காலி பண்ணு. அக்காவிடம் முக்கால்வாசிதான் இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் போன் வந்தது. ட்ரோன் செய்கிற கம்பெனியாம். ஷேர் நாலே ரூபாயாம். ஆடிக்குள் மூணு மடங்காம். போனில் வந்தவன் இந்தியில் பேசியிருந்தால் அக்கா 'ராங் நம்பர்' என்று வைத்திருப்பாள். இங்கிலீஷில் பேசியிருந்தால் போனை அடுத்தவர் கையில் கொடுத்திருப்பாள். அவனோ 'எக்கா, சும்மா இருக்கியளா' என்று ஆரம்பித்தானாம். சேர்த்து வைத்ததை முழுக்க அந்த ஷேரில் போட வேண்டும் என்று மூச்சிரைக்க மாடி ஏறி வந்து நின்றாள். தெரியாதவன் சொல்லை நம்பி இப்படிச் செய்யலாமா என்று சத்தம் போட்டேன். அக்கா கோபப்படவில்லை, சிரித்தாள். "தெரியாதவன் எங்கய்யா? நம்ம பக்கத்துப் பேச்சு பேசுதவன் நம்மளயே ஏமாத்துவானா?"

தேவ்நாரில் ட்ரோன்

எனக்கு மனசு கேட்கவில்லை. அந்தக் கம்பெனியைத் தோண்டிப் பார்த்தேன். முதலில் அது சேலைக்கு நூல் விற்பதாகச் சொல்லிக்கொண்ட கம்பெனி. அப்புறம் சோலார் என்று பெயர் மாற்றிக்கொண்டது. இப்போது ட்ரோன். எந்தக் காலத்திலும் அது எதையும் விற்றதாகத் தெரியவில்லை. முகவரி தேவ்நாரில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை செம்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனவன், அப்படியே ஒரு ஆட்டோ பிடித்து அங்கே போய்ப் பார்த்தேன்.

முகவரியில் இருந்தது மெத்தை தைக்கும் கடை. உள்ளே பஞ்சு மலைபோலக் குவிந்து கிடந்தது. கடைக்காரர் உத்தரப் பிரதேசத்துக்காரர், தாராவியில் பல வருஷம் வேலை பார்த்ததால் தமிழ் வரும். கம்பெனிப் பெயரைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். வாரத்துக்கு ஒருத்தராவது இப்படி வந்து நிற்கிறார்களாம், பாவமாக இருப்பதால் உட்காரவைத்துச் சாயா கொடுத்து அனுப்புகிறாராம். நான் எழுந்து வரும்போது தோளில் கைவைத்து அவர் சொன்னார்: "ட்ரோன் கீன்லாம் நம்மகிட்ட இல்ல பாய். தலகாணி வேணும்னா சொல்லு, விலை கொறச்சுத் தரேன்."

சூடம்

மறுநாள் இதை அப்படியே அக்காவிடம் சொன்னேன். 'பெரிய கம்பெனி, நாலு எடத்துல ஆபீஸ் இருக்கும்' என்றுவிட்டாள். அவள் பணம், அவள் கையெழுத்து. நான் வாங்கிப் போட்டேன். அதுதான் என் வேலை.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ஷேர் ஏற ஆரம்பித்தது. இந்த மாதிரி ஷேர் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் ஏறலாம் என்று ஒரு எல்லை உண்டு. தினமும் காலையில் மார்க்கெட் திறந்ததும் ஒரே தாவாக அந்த எல்லையைப் போய்த் தொட்டுவிடும். விற்க ஆளே இருக்காது, வாங்க ஆயிரம் பேர். அக்காவின் தெருவே கிளம்பி வந்தது. பாத்திரக்கடை, தையல் மெஷின், பிளாஸ்டிக் பொறுக்கிப் பிரிக்கிறவர்கள் என்று வீட்டுக்கு ஒருத்தர். அவர்களைக் கூட்டி வந்து, தானும் வாங்கியவர் அருணாசலம் அண்ணாச்சி. தெருக் கோயில் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். அவர் வாய்ச்சொல் அந்தத் தெருவில் கோர்ட் தீர்ப்பு.

நாலு ரூபாய் ஒன்பது ஆனபோது அக்காவுக்குப் போன் போட்டேன். "அக்கா, பாதியையாவது வித்துரு. போட்ட பணம் கைக்கு வந்துரும், மிச்சம் ஏறினா ஏறட்டும்." முடியாது என்றாள். போன்காரன் தெருவுக்கே சொல்லிவிட்டானாம்: ஒருத்தர் விற்றாலும் விலை விழுந்துவிடும், எல்லோரும் ஒற்றுமையாக இருந்தால்தான் ஏறும் என்று. இவர்களுக்குச் சீட்டுப் பிடித்துப் பழக்கம். நடுவில் ஒருத்தன் காலை வாரினால் சீட்டு உடைந்து எல்லோரும் கெடுவார்கள், அந்த நியாயத்தை இதற்கும் போட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை அம்மன் முன்னால் தெருவே கூடியிருக்கிறது. அண்ணாச்சி சூடத் தட்டைப் பிடித்திருக்கிறார். ஆடிக் கொடை, அதாவது அம்மன் கோயில் திருவிழா, முடியும் வரை யாரும் விற்பதில்லை என்று அண்ணாச்சி உட்பட ஆளுக்கு ஆள் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்திருக்கிறார்கள். அந்த ஷேரை ஏற்றிவிடுகிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அவன் தன் கையில் இருப்பதை இறக்கும்வரை அடுத்தவன் எவனும் விற்கக்கூடாது, அவ்வளவுதான். லட்ச ரூபாய் செலவு பண்ணினாலும் கிடைக்காத காவல் அவனுக்கு ஒரு சூடக்கட்டியில் கிடைத்துவிட்டது. இதையெல்லாம் அக்காவிடம் தொண்டை கிழியச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "நீ நல்லதுக்குத்தான் சொல்லுத, முத்து. ஆனா நான் கைய வச்சு அணைச்சது உன் கம்ப்யூட்டர் முன்னால இல்லியே."

மாசச் சம்பளம்

அந்தப் போன் நம்பரை அக்காவிடம் வாங்கி, சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படியில் நின்று நானே பேசினேன். எடுத்தவன் குரல் மரியாதையான குரல். நானும் எங்கள் ஊர்ப் பேச்சில் ஆரம்பித்து, கொஞ்ச நேரத்தில் பிடிபிடியென்று பிடித்துவிட்டேன். இட்லி அவித்துச் சேர்த்த காசுடா, உனக்கெல்லாம் அக்கா தங்கச்சி கிடையாதா என்று கத்தினேன். கீழே போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

அவன் வைக்கவில்லை. முழுக்கக் கேட்டான். அப்புறம் நிதானமாக, நீங்கள் எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டான். புரோக்கர் ஆபீஸ் என்றேன். "அண்ணே, அவிய வாங்கினப்ப உங்க ஆபீஸுக்குக் கமிஷன் வந்துச்சா, இல்லியா? எனக்கும் அது மாதிரி மாசச் சம்பளம்தான் வருது."

அண்ணாச்சியின் போன்

சத்தியம் செய்து நாலைந்து நாள்தான் இருக்கும். அருணாசலம் அண்ணாச்சி போன் செய்தார். குரலைத் தணித்துப் பேசினார். 'எல்லாத்தையும் வித்துரு' என்றார். எனக்கு ஒரு நிமிஷம் காதில் விழுந்தது நிஜமா என்று சந்தேகம். எதை என்று கேட்டேன். அந்த ட்ரோன் ஷேரைத்தான் என்றார். எங்கள் ஆபீஸ் போனில் பேசுவதெல்லாம் பதிவாகும், 'அண்ணாச்சி, சத்தியம் என்னாச்சு' என்று அதில் கேட்க எனக்கு உரிமை கிடையாது. பட்டனை அமுக்கினேன். வாங்க அத்தனை பேர் காத்திருந்தார்கள், கண்மூடித் திறப்பதற்குள் போய்விட்டது.

அதே காலையில் பேச்சியம்மாள் அக்கா, சீட்டு எடுத்த பணத்தையும் கொண்டுவந்து இன்னும் கொஞ்சம் வாங்கச் சொல்லியிருந்தாள். விற்கத்தானே கூடாது, வாங்கலாமே. அவள் கேட்டதும் கிடைத்தது. அண்ணாச்சி விற்றது அவள் கைக்கே போனதா என்று யாராலும் சொல்ல முடியாது, மார்க்கெட்டில் யார் யாருக்கு விற்றார் என்று தெரியாது. எனக்கு மட்டும் அந்த நினைப்பு இன்றுவரை போகவில்லை. வேலை முடிந்ததும் விலையைச் சொன்னேன். அண்ணாச்சி திருப்தியாகக் கனைத்துக்கொண்டார். "இது நமக்குள்ள இருக்கட்டும் தம்பி. எனக்குக் கொடை வேல வேற தலைக்கு மேல கெடக்கு."

ஆபீஸுக்கு வெளியே

ஒரு வாடிக்கையாளர் செய்ததை இன்னொரு வாடிக்கையாளரிடம் சொல்லக்கூடாது. எங்கள் தொழிலில் முதல் பாடம் அது. இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மூன்றாவது நாள் காலாவுக்கே போய்விட்டேன். அக்கா கொப்பரை மூடியைத் திறந்து ஆவியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். அண்ணாச்சி எல்லாவற்றையும் விற்றுவிட்டார், நான்தான் விற்றேன், நாளைக் காலையில் நீயும் விற்றுவிடு, இந்தக் காலா உனக்கு நிற்கும் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அவள் மூடியைக் கீழே வைத்தாள். வெந்த இட்லியைத் தட்டில் கவிழ்க்க ஆரம்பித்தாள். நம்பவில்லையோ என்று நினைத்து, என் பிள்ளை மேல் ஆணையாக என்றேன். நம்புகிறேன் என்றாள். அப்படியானால் விற்க வேண்டியதுதானே என்றேன். நான் விற்றால் எதற்கென்று தெரு கேட்கும். சொன்னால் கொடை நின்றுபோகும், அண்ணாச்சி வீட்டில் கல் விழும். சொல்லாமல் விற்றால் நானும் அவரும் ஒன்று. இதை அவள் எனக்குச் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா தெரியாது. எனக்கு வந்த ஆத்திரத்தில் 'நாசமாப் போ' என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அவள் பின்னாலிருந்து சொன்னது தெளிவாகக் கேட்டது. "அவரு சத்தியம் அவரோட போட்டும்யா. எஞ் சத்தியம் எங்கூட இருக்கட்டும்."

முதலாளி

செய்ததை மறைத்து வைக்க எனக்குத் தெரியாது. ராமநாதன் சாரிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். வேலை போகும் என்றுதான் நினைத்தேன். அவர் கதவைச் சாத்தச் சொன்னார். வாடிக்கையாளர் ரகசியம், லைசென்ஸ், கம்ப்ளெயின்ட் என்று பத்து நிமிஷம் பொரிந்து தள்ளினார். எல்லாம் நியாயமான வார்த்தை, நான் தலைகுனிந்து கேட்டுக்கொண்டேன்.

எல்லாம் முடிந்து கதவைத் திறக்கப்போனவன் காதில் அவர் குரல் விழுந்தது. இப்போது அது முதலாளி குரலாக இல்லை. "சொன்னது தப்புதான்டா. ஆனா வித்தாளா, அதச் சொல்லு."

எனக்கும்தான்

ஆனி கடைசியில் ஒரு காலை, ஷேர் எல்லையைத் தொட்டுவிட்டு அப்படியே கீழே விழுந்தது. மறுநாளிலிருந்து கதை தலைகீழ். தினமும் திறந்த உடனே கீழ் எல்லையில் போய் நின்றுகொள்ளும். விற்க ஆயிரம் பேர், வாங்க ஒருத்தரும் இல்லை. இதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். உங்கள் பணம் திரையில் தெரியும், தொட முடியாது. போன்காரன் நம்பர் அணைந்துவிட்டது.

தெருவே எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்தது. சத்தியமாவது ஒன்றாவது, வில்லுங்கள் என்றார்கள். ஏறுகிற விலைக்குத்தானே சத்தியம், இறங்குகிற விலைக்கு யார் பண்ணினார்கள் என்று ஒருவர் வாதம் வேறு செய்தார். எல்லோருக்கும் ஆர்டர் போட்டேன், ஒன்றும் போகவில்லை. ஒரு பெண் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். பேச்சியம்மாள் அக்கா மட்டும் வரவில்லை. அண்ணாச்சி வந்தார். வெள்ளை வேட்டியும் விபூதியுமாக ஒவ்வொருத்தர் தோளையும் தட்டி ஆறுதல் சொன்னார். என் மேஜைக்கு நேராக நின்றுகொண்டு, என் கண்ணைப் பார்க்காமல், கூட்டத்தைப் பார்த்துப் பேசினார். நான் எழுந்துவிட்டேன். ராமநாதன் சார் என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார். அண்ணாச்சி சொன்னது இதுதான்: "எனக்கும்தான் போச்சு. நான் என்ன அழுதுக்கிட்டா இருக்கேன்?"

கண்மலர்

ஆடிக் கொடைக்கு நான் போகவில்லை. கொடை முடிந்த மறுநாள் காலையில், மார்க்கெட் திறக்கும் நேரத்துக்கு அக்கா மாடி ஏறி வந்தாள். நெற்றியில் மஞ்சள் காயவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, "சத்தியம் முடிஞ்சிட்டு. இப்ப வில்லு" என்றாள். அப்போதுதான் அடிமட்டத்தில் வாங்க ஒன்றிரண்டு பேர் வர ஆரம்பித்திருந்தார்கள். ரூபாய் கூட இல்லை, பைசாவில் விலை. விற்றுவிட்டேன். வந்த பணத்தைச் சொன்னேன். 'பத்து நாள் உளுந்துக்கு ஆகும்' என்றாள். மீதியைக் கட்ட முடியாது என்று அக்காவே சொல்லிவிட்டதால், காலாவை அதற்கு முந்தின வாரமே மொபைல் கவர் பாக்கிங் செய்கிற ஒருத்தருக்குக் கொடுத்துவிட்டார்கள். கொப்பரைகளில் இரண்டை விற்றுவிட்டு, மீதி இரண்டை வீட்டுக்குள் அடுக்கி, அதில் பாதி இட்லி அவிக்கிறாள். படுக்க இடமில்லாததால் பக்கத்து வீட்டு வாசலில் படுக்கிறாளாம். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

கொடை எப்படி நடந்தது என்று பேச்சை மாற்றக் கேட்டேன். ரொம்ப விமரிசை என்றாள். அருணாசலம் அண்ணாச்சி இந்த வருஷம் அம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் செய்து சாத்தினாராம், கனமான வெள்ளி, தெருவே கன்னத்தில் போட்டுக்கொண்டதாம். முதல் மரியாதை அவருக்குத்தான். நஷ்டப்பட்டும் சாமிக்குச் செய்கிறாரே என்று எல்லோரும் கண்கலங்கினார்களாம். நீ ஒன்றும் சொல்லவில்லையா அக்கா என்றேன். பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நான் என்னத்தச் சொல்ல? அம்மனுக்குக் கண்ணு வச்சிருக்காரு, நல்லதுதான். இனிமேலாவது பாக்கட்டும்."

நாலு ரூபாய் ஷேரில் பணம் பண்ண முடியுமா என்று இன்றைக்கும் யாராவது மாடி ஏறி வந்து கேட்டால், தாராளமாக முடியும், உங்கள் தெருவில் வாக்குத் தவறாத மனுஷர்கள் போதுமான அளவு இருந்தால் என்று சொல்லி அனுப்புகிறேன்.